மலாயாவில் ஜப்பானியர் காலம்: ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்ந்த ஒரு தோட்டக் குடும்பத்தை நாவலாக எழுத முழுமையான வழிகாட்டி

1941 டிசம்பர் 8ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், ஜப்பானியப் படை கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. எழுபது நாள்களுக்குள், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்தார். அடுத்த மூன்றரை ஆண்டுக் காலத்தை மலாயாத் தோட்டங்களில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்றே சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை மையமாக வைத்து வரலாற்று நாவல் எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனதும், அதே தோட்டத்து இளைஞர்களின் கையில் இந்திய விடுதலைக்காகத் துப்பாக்கி தந்த படைக்குத் துணை நின்றதும் ஒரே அரசுதான். இரண்டும் ஒரே வாசல்படி ஏறி வந்தன. ஒன்றை எழுதி மற்றதை மறைக்கும் நாவல், எவ்வளவு உருக்கமாக அமைந்தாலும், அந்தக் குடும்பத்துக்கு உண்மையாக இருக்க முடியாது. இந்த முரண்பாட்டைத் தாங்கும் கட்டுமானத்தை எழுப்புவதற்குத்தான் கீழ்வரும் படிகள் அனைத்தும்.

முதல் படி: ஊரை முடிவு செய்தல்

ஆக்கிரமிப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பினாங்கில் டிசம்பர் 11 முதல் ஜார்ஜ் டவுன் மீது குண்டுகள் விழுந்தன. ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு, மற்ற மக்களிடம் சொல்லாமலே ஆட்சியாளர்கள் தீவைக் கைவிட்டார்கள். கெடாவில் கதை நடந்தால், 1943 அக்டோபரில் அந்த மாநிலம் பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றோடு சேர்த்துச் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டதை உங்கள் குடும்பம் எதிர்கொண்டாக வேண்டும். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு என்றால், காட்டோரத்தில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் நடமாட்டம் இருந்தது. அங்கே பாப்பான் என்ற சிற்றூரில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி, காயம்பட்ட போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் பார்த்தார்; வானொலியை ஒளித்துவைத்துக் கேட்டார்; அதற்காகக் கெம்பெய்தாய் என்ற இராணுவக் காவல் பிரிவிடம் சித்திரவதைப்பட்டார். சிங்கப்பூரில் கதை நடந்தால், சரணடைந்த சில நாள்களிலேயே சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கியெடுத்துக் கொன்ற படுகொலையைத் தவிர்த்து எழுதவே முடியாது.

முதல் நாவலை எழுதுபவருக்கு நான் சிலாங்கூரைப் பரிந்துரைப்பேன். கோலாலம்பூர் 1942 ஜனவரி 11 அன்று வீழ்ந்தது. போருக்கு முந்தைய தொழிலாளர் போராட்டம் கிள்ளான் வட்டாரத்தில்தான் வெடித்தது. ரயில் நிலையமும் துறைமுகமும் அருகருகே உள்ளன. தோட்டத்துக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். ஆனால் எந்த ஊருக்கு எத்தனை மைலில் அந்தத் தோட்டம், எந்த ஆற்றின் கரையில், எந்த ரயில் நிலையத்துக்கு எவ்வளவு நடை என்பதையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தின் தூரம் பின்னால் கதையையே தீர்மானிக்கும்.

இரண்டாம் படி: ஜப்பானியர் வருவதற்கு முன்பே கதையைத் தொடங்குதல்

விமானங்களின் இரைச்சலோடு முதல் அத்தியாயத்தைத் திறக்கும் ஆசை பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். 1941ஆம் ஆண்டின் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களுக்குப் போங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நாள் கூலி 50 காசு. அதை 60 காசாக உயர்த்தக் கேட்டுத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியோடு வேறு கோரிக்கைகளும் எழுந்தன: தோட்டத்துப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக் கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும், உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும், துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இது நடந்து எட்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில்தான், அதே துரை பங்களாவைப் பூட்டிவிட்டுக் காரில் தெற்கே ஓடினார். இந்த அடுக்கு இல்லையென்றால், வெள்ளைக்காரன் போனதைப் பார்த்து லயத்தில் ஏன் பலர் அழவில்லை என்பது வாசகருக்குப் புரியாது. துரை போன நாளில் தோட்டத்து ஸ்டோரிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கி வந்த அப்பாவைத் திருடனாகவே பார்த்துவிடுவார்கள்.

சைக்கிள் இறங்கும் வழக்கத்தை இன்னும் சற்று நெருங்கிப் பாருங்கள். நாவலின் முதுகெலும்பாக ஆகக்கூடிய பொருள் அது. மே மாதத்தில் மூத்த மகன் செம்மண் சடக்கில் கிராணியைக் கண்டும் இறங்காமல் மிதித்துப் போகிறான். அன்று மாலை ஆளெண்ணிப் பேர் வாசிக்கும் பெரட்டுக் களத்தில் அவன் பெயரைத் தனியாகக் கூப்பிடுகிறார்கள். ஜப்பானியக் காலாட்படை தீபகற்பம் முழுவதும் சைக்கிளில்தான் முன்னேறியது; வழியில் அகப்பட்ட சைக்கிள்களை எல்லாம் பறித்துக்கொண்டது. ஜனவரியில் அந்தச் சைக்கிளை ஒரு சிப்பாய் வாங்கிக்கொள்கிறான். அதன் பிறகு மகன் நடந்து போகும்போது, சந்தியில் நிற்கும் காவல் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க மறந்தால் கன்னத்தில் அறை விழுகிறது. ஆட்சி மாறியதைப் பற்றி ஆசிரியர் ஒரு வரிகூட விளக்கம் எழுதத் தேவையில்லை.

மூன்றாம் படி: குடும்பத்தை அமைத்தல்

ஆறு ஏழு பேருக்கு மேல் வேண்டாம். பால் மரம் சீவும் அப்பா. களை எடுக்கும் அம்மா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த அப்பாயி. பத்தொன்பது வயது மூத்த மகன். பதினாறு வயது மகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் கடைக்குட்டி. இவர்களோடு அம்மாவின் தம்பியைக் கட்டாயம் சேருங்கள். அவரைக் கங்காணி, அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர், ஆக்குங்கள், அல்லது கங்காணிக்குக் கையாளாக வையுங்கள்.

தாய்மாமனை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், சயாமுக்கு இத்தனை பேர் வேண்டும் என்று ஜப்பானியர் தோட்டத்துக்குத் தோட்டம் எண்ணிக்கை விதித்தபோது, ஆளைக் காட்டிக் கொடுக்க வேண்டிய நெருக்கடி கிராணிமார்களுக்கும் கங்காணிமார்களுக்கும்தான் வந்தது. பெண்ணெடுக்கும் உறவும் சீர் செய்யும் உரிமையும் உள்ள மாமன் கையிலேயே அந்தத் தாள் இருக்கட்டும். இந்த உறவு சரியாக அமைந்துவிட்டால், அதற்குமேல் தனியாக ஒரு வில்லன் தேவைப்படாது.

குடும்பத்தின் இன்னொரு பாதி ஊரில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். போர் தொடங்கியதும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் நின்றது. கடிதமும் பணமும் நின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற அச்சத்தில் சென்னை நகரையே மக்கள் காலி செய்துகொண்டு போனார்கள். இங்கே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அங்கே இருப்பவர்களுக்கு இவர்கள் உயிரோடு இருப்பதே தெரியாது. ஊரில் விட்டு வந்த சித்தப்பாவின் கடைசிக் கடிதத்தை அப்பாயி மடித்து வைத்திருக்கட்டும். நாவல் முழுவதிலும் வேறு கடிதம் வரக் கூடாது.

நான்காம் படி: குடும்பம் அறிந்ததையும் நீங்கள் அறிந்ததையும் பிரித்தல்

ஒரு குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நடந்த நிகழ்ச்சியும் தேதியும். வலப்பக்கம் அந்தச் செய்தி லயத்துக்கு எப்போது, யார் வாயால், எவ்வளவு திரிந்து வந்தது என்பது. வானொலிப் பெட்டிகளுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்துவிட்டார்கள். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டவர்கள் உயிருக்கே ஆபத்து இருந்தது. நகரத்தில் வந்த நாளிதழ்கள் ஜப்பானிய வெற்றிகளையே அச்சிட்டன. ஆகவே 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்றதை உங்கள் குடும்பம் போர் முடியும்வரை அறியாமலே இருக்கக்கூடும். 1945 ஆகஸ்டில் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, கொல்லையில் என்ன நடுவது, தாலியை விற்பதா புதைப்பதா என எல்லா முடிவுகளையும் இந்த ஆட்சி நிலையாக இருந்துவிடலாம் என்ற எண்ணத்திலேயே அவர்கள் எடுக்கிறார்கள்.

கையெழுத்துப் படியை முடித்ததும் இந்தக் குறிப்பேட்டை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ‘வரப்போகும் பெரும் துயரத்தை அவன் அறிந்திருக்கவில்லை’ போன்ற வாக்கியங்கள் கண்ணில் பட்டால் அடித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: அரிசி, பணம், துணி, கடிகாரம்

என் பார்வையில் நாவலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. போர்க்களக் காட்சி ஒன்றுகூட இல்லாமல் இந்தக் காலத்தைச் சிறப்பாக எழுதலாம். அடுப்படி இல்லாமல் எழுத முடியாது.

மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்துச் சாப்பிட்ட நாடு. கப்பல்கள் போருக்குப் போனதும் அந்த வரத்து சுருங்கியது. அதே நேரத்தில் ரப்பரை வாங்குவதற்கும் ஆள் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் எதிரி நாடுகள். ஆகத் தோட்டத்துக் குடும்பத்துக்குச் சோறும் போனது, சோற்றைச் சம்பாதித்துத் தந்த வேலையும் போனது. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் நட்டார்கள். மூன்று வேளையும் மரவள்ளி. தோலைச் சீவி, வெட்டி, ஊறவைத்து, கசப்பும் நஞ்சும் போகப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கிக் களி கிண்டுவதை மகளின் கைகளின் வழியே ஒருமுறை முழுதாக எழுதுங்கள். அதன் பிறகு ‘மரவள்ளி’ என்ற ஒரு சொல் போதும்.

பொங்கல் ஒரு நல்ல அளவுகோல். 1942 ஜனவரிப் பொங்கலுக்கு ஸ்டோரிலிருந்து தூக்கிவந்த அரிசி இருக்கிறது. 1943இல் பங்கீட்டு அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துப் பானை வைக்கிறார்கள். 1944இல் பானையில் எதைப் பொங்கவைப்பது என்று அம்மாவும் அப்பாயியும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் சண்டையும் இருக்கட்டும். கேழ்வரகை வைத்தால் சாமி குற்றம் என்று அப்பாயி சொல்லட்டும். பட்டினி வந்தால் குடும்பம் எப்போதும் அன்பால் இறுகிவிடும் என்று எண்ண வேண்டாம். யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதை எல்லோரும் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

பணத்துக்கு வருவோம். ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளித் தாளில் குலையோடு வாழை மரம் இருந்தது. மக்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். தொடக்கத்தில் வந்த தாள்களில் வரிசை எண் இருந்தது. பிறகு எழுத்துகள் மட்டுமே இருந்தன, அடித்துத் தள்ளினார்கள். போருக்கு முன்பு சில வெள்ளிக்கு விற்ற ஒரு பிக்கல் (ஏறக்குறைய 60 கிலோ) அரிசி, கடைசி ஆண்டில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு ஏறியது. விலைவாசி உயர்ந்தது என்று எழுதிவிட்டு நகராதீர்கள். சம்பளத் தாளை மடியில் செருகிக்கொண்டு கடைக்குப் போன அப்பா, பிற்பாடு அதைக் கோணிப்பையில் போட்டு எடுத்துப் போவதைக் காட்டுங்கள். பிரிட்டிஷ் வெள்ளித் தாளைக் கூரை இடுக்கில் ஒளித்து வைத்தவர்களும் உண்டு. உங்கள் தாய்மாமன் அப்படிச் செய்திருப்பார்.

துணி தீர்ந்தபோது கோணிப்பையைத் தைத்து உடுத்தினார்கள். கொயினா கிடைக்கவில்லை, கொசு ஒழிப்பு வேலைகள் நின்றதால் மலேரியா பெருகியது. சத்துக் குறைவால் காலில் வந்த சிறு சிராய்ப்பும் புரையோடியது. உடலைப் பற்றிய இந்தச் செய்திகளைக் கதை நெடுகத் தூவுங்கள், ஒரே அத்தியாயத்தில் கொட்டிவிடாதீர்கள்.

கடிகாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. மலாயா முழுவதையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். முன்பிருந்ததைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி. எட்டு மணியைத் தாண்டிய பிறகே பொழுது விடிந்தது. சிங்கப்பூர் ஷோனான் ஆனது. 1942ஆம் ஆண்டை ஜப்பானியக் கணக்கில் 2602 என்று எழுதினார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது கடைக்குட்டி ஜப்பானிய எழுத்தையும் அந்நாட்டுத் தேசிய கீதமான கிமிகாயோ பாடலையும் கற்றான். பிள்ளைகள் புது மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். சிப்பாயிடம் அவன் இரண்டு சொல் பேசியதால் வீட்டுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை வந்தது என்று வைத்தால், அந்தச் சர்க்கரையை அண்ணன் தொடுவானா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

ஆறாம் படி: சயாம்

சயாம்–பர்மா ரயில் பாதை, பாங்காக்குக்கு மேற்கே உள்ள பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் கொன்கொய்த்தாவில் இணைந்தன. ஏறக்குறைய 60,000 நேச நாட்டுப் போர்க் கைதிகள் அங்கே உழைத்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து 75,000க்கும் மேற்பட்டோர் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கைதிகளுக்குத் தங்கள் படையிலேயே மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். முகாமைச் சுத்தமாக வைக்கும் ஒழுங்கு இருந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. 1943 மே மாதம் மழையோடு காலரா வந்தபோது கூடாரம் கூடாரமாக மடிந்தார்கள். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

ஆள்சேர்ப்பு எப்படி நடந்தது என்பதைக் கட்டம் கட்டமாக எழுதுங்கள். முதலில் வாக்குறுதி: மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் வைத்தியமும் இலவசம், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். வேலையில்லாத தோட்டத்தில் அதை நம்பிப் போனவர்கள் முட்டாள்கள் அல்லர். போனவர்கள் திரும்பவில்லை என்ற பேச்சு மெல்லப் பரவியதும் யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் எண்ணிக்கை விதிப்பதும், சாலையில் போகிறவர்களைப் பிடிப்பதும், இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்துவிட்டுக் கதவைப் பூட்டி லாரியில் ஏற்றுவதும் தொடங்கின. லாரி வரும் சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். பிடிபட்டவர்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து நாள்கணக்கில் வடக்கே கொண்டுபோனார்கள். அங்கிருந்து முகாம்களுக்கு நடை.

தாய்மாமன் கையில் தாள் வரும் இரவுக்கு ஒரு மாதிரி தருகிறேன். லயத்தின் வாசலில் தேங்காய் எண்ணெய் விளக்கு. மாமன் உள்ளே வரவில்லை.

“எம் பேரு இருக்கா மாமா?”

“மூணே மாசம்டா. போனதும் தெரியாது வந்ததும் தெரியாது.”

“கிராணி மவன் பேரு இருக்கா?”

மாமன் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “அக்கா, அவனுக்கு ரெண்டு துணி எடுத்து வையி,” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா எழுந்துபோய்த் துணி மடிக்கத் தொடங்கினாள்.

இதற்குமேல் அந்தக் காட்சியில் எதுவும் வேண்டாம். மாமனின் குற்ற உணர்வை விளக்கினால் காட்சி கெட்டுவிடும்.

சயாமுக்குள் நாவல் நுழையலாமா என்பது உங்களுக்கு வரும் மிகப் பெரிய முடிவு. நுழைய வேண்டாம் என்பதே என் கருத்து. குடும்பத்தின் ஆக்கிரமிப்பு அனுபவத்தில் மிகக் கொடியது எதுவும் தெரியாமல் காத்திருந்த காலம்தான்; நாவலும் லயத்திலேயே இருந்து காத்திருக்கட்டும். போன பையன் எங்கே இருக்கிறான் என்பதை வாசகரும் அறியாமல் நூறு பக்கம் கடக்கட்டும். தப்பித்து வந்த ஒருவன் வாயால், அதுவும் அரைகுறையாக, சயாம் வரட்டும். அப்படி வேண்டாம், உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே ஒரு மனிதனின் உடலோடு மட்டும் போங்கள்: காலில் மூங்கில் கிழித்த காயம், சகதி, கல் உடைக்கும் சத்தம், பக்கத்தில் படுத்தவன் விடியும்போது அசையாதது. அந்தப் பாதையின் முழு வரலாற்றையும் ஒரே அத்தியாயத்தில் அடக்க முயலாதீர்கள்.

ஏழாம் படி: அதே வீட்டுக்கு வந்த விடுதலைப் படை

சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபாரர் பூங்காவில் கூட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்களிடமிருந்து இந்திய தேசிய இராணுவம் உருவாகத் தொடங்கியது. மோகன் சிங் தலைமையில் அமைந்த அந்த முதல் படை அவ்வாண்டு முடிவிலேயே ஜப்பானியரோடு முரண்பட்டுக் கலைந்தது. 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. இந்தியாவைக் கண்ணால் கண்டிராத தோட்டத்துப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். கூட்டங்களில் பெண்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

தேதிகளை ஒருமுறை பாருங்கள். சயாம் முகாம்களில் காலரா பரவிய அதே ஆண்டு இது. உங்கள் குடும்பத்தில் அண்ணன் மே மாதம் சரக்கு ரயிலில் போகிறான். தங்கை அதே ஆண்டின் கடைசியில் காக்கிச் சட்டை போடுகிறாள். அவள் ஏன் போனாள் என்பதற்கு ஒரே காரணத்தைக் கொடுக்காதீர்கள். நாட்டுப் பற்று உண்டு. களை எடுக்கும் பெண்ணை ‘வீராங்கனை’ என்று ஒருவர் மேடையிலிருந்து முதன்முதலாக அழைத்தது உண்டு. முகாமில் வயிறாரச் சாப்பாடு கிடைக்கும் என்பது உண்டு. வீட்டில் ஒருவர் படையில் இருந்தால் மற்றவர்களைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் பலருக்கு இருந்தது. சயாமுக்குத் தப்பவே படையில் சேர்ந்த ஆண்களும் உண்டு. இந்த விடுதலை இயக்கத்தின் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர் அட்டை வழிமறிக்கும் சிப்பாயிடம் ஓரளவு பாதுகாப்புத் தந்தது.

இந்த இடத்தில்தான் நாவலாசிரியரின் நேர்மைக்குச் சோதனை. அவளை ஏமாந்தவளாகக் காட்டினால், அவள் வாழ்வில் தலை நிமிர்ந்து நின்ற ஒரே காலத்தைப் பறித்துவிடுகிறீர்கள். அவளைச் சிலையாக்கினால், அண்ணனை இரண்டாம் முறை புதைக்கிறீர்கள். அம்மா அவளிடம், “உன் அண்ணனக் கொண்டுபோனவனோட சேந்துக்கிட்டா நிக்கிற?” என்று கேட்கட்டும். மகள் ஒரு பதில் சொல்லட்டும். அது அம்மாவுக்குப் போதாத பதிலாக இருக்கட்டும். கதையின் இறுதி வரை அந்தக் கேள்வியை யாரும் தீர்த்துவைக்கக் கூடாது, ஆசிரியரும்கூட.

எட்டாம் படி: ஜப்பானியரையும் அண்டை வீட்டாரையும் எழுதுதல்

ஜப்பானியச் சிப்பாய்க்குக் குறைந்தது ஒரு முகமாவது கொடுங்கள். கடைக்குட்டிக்குச் சர்க்கரை தந்தவனே சந்தியில் அப்பாவை அறைந்தவனாகவும் இருக்கலாம். இதனால் கொடுமையின் அளவு குறையாது. அது மனிதர்கள் செய்தது என்பது உறைக்கும்.

சீன அண்டை வீட்டாரைப் பின்னணியாக வைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு நேர்ந்தது வேறு. மலாயாச் சீனர்களிடம் 5 கோடி வெள்ளி ‘நன்கொடை’ என்று கட்டாயமாகக் கேட்டார்கள். மலாய்க்காரர்களுக்கு நேர்ந்தது இன்னொன்று. ஒரு சமூகத்துக்குச் சலுகை காட்டி இன்னொன்றை நசுக்கியதன் கசப்பு போருக்குப் பிறகும் நீடித்தது. தோட்டத்து முக்கில் கடை வைத்திருக்கும் சீனர், நம் குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவராகவும், காட்டுக்குள் இருப்பவர்களுக்கு மறைவாக அரிசி அனுப்புபவராகவும் இருந்தால், காட்டிக்கொடுப்பதற்கான ஒரு சந்தர்ப்பம் நம் பாத்திரங்களின் கைக்கும் வந்து சேரும்.

ஒன்பதாம் படி: பேச்சு

விவரிப்புக்கு எந்த நடையையும் தேர்ந்துகொள்ளலாம். உரையாடலில் மட்டும் தோட்டத்துத் தமிழ் வேண்டும். கித்தாக் காடு, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு, மங்கு, காண்டா, சடக்கு, ஆயாக் கொட்டகை என்று வரும் சொற்களுக்கு அடிக்குறிப்பு போடாமல், செயலின் நடுவில் வைத்தால் எந்த வாசகரும் புரிந்துகொள்வார். அப்பாயியின் பேச்சில் தஞ்சாவூர் மிஞ்சியிருக்கும். கடைக்குட்டியின் பேச்சில் மலாய் கலந்திருக்கும்.

பத்தாம் படி: சான்றுகளைத் தேடுதலும் கையாளுதலும்

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, 1980களிலிருந்து ஆக்கிரமிப்புக் காலத்தை வாழ்ந்தவர்களின் பேட்டிகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. தமிழர்களின் குரல்களும் அதில் உண்டு, இணையத்திலேயே கேட்கலாம். ஆக்கிரமிப்புக் காலத்து ஆங்கில நாளிதழான ஷோனான் ஷிம்பன், சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் கிடைக்கிறது. செய்திகளைவிடப் பங்கீட்டு அறிவிப்புகளையும் சிறு விளம்பரங்களையும் கவனமாகப் படியுங்கள். எந்த மாதத்தில் எந்தப் பொருள் அரிதானது என்பது அங்கே தெரியும். செய்திப் பத்திகளை அப்படியே நம்ப வேண்டாம்.

கைதிகளின் நாட்குறிப்புகள் ஏராளம். அவற்றில் தமிழர்கள் வழியோரத்தில் விழுந்து கிடப்பவர்களாக, பெயரற்றவர்களாக வந்துபோவார்கள். அந்தப் பார்வை உங்கள் நாவலுக்குள் நுழைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் சயாம் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப் போகும்போது மரணத்தைப் பற்றிய கேள்வியோடு தொடங்காதீர்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள், எந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அந்தக் குடும்பத்தின் அடையாளம் தெரியும்படி நாவலில் வைக்க வேண்டுமானால் அனுமதி கேட்டுப் பெறுங்கள்.

பதினோராம் படி: முடிப்பது எங்கே

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்ததை அறிவித்தது. மலாயாவுக்குச் செய்தி சில நாள்கள் பிந்தியே பரவியது. பிரிட்டிஷார் செப்டம்பர் 3 அன்று பினாங்கில் இறங்கினார்கள். செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் முறைப்படியான சரணடைவு நடந்தது. இடைப்பட்ட வாரங்களில் காட்டிலிருந்து வெளிவந்த எதிர்ப்புப் படையினர் பல ஊர்களில் அதிகாரத்தைக் கையிலெடுத்து, ஜப்பானியருக்கு உதவியவர்களைத் தண்டித்தார்கள். உங்கள் தாய்மாமனின் கணக்கு அந்த வாரங்களில்தான் தீர வேண்டியிருக்கும். தீராமலும் போகலாம், மறுபடியும் அவரே பெரட்டு எடுக்கலாம். வாழைமர நோட்டு வெறும் தாளாயிற்று. பட்டினி உடனே தீரவில்லை. போருக்குப் பின்னும் அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது.

சயாமிலிருந்து உயிரோடு மிஞ்சியவர்கள் 1945இன் பிற்பகுதியிலும் அடுத்த ஆண்டிலும்தான் திரும்பினார்கள். ஆகவே ஆகஸ்டில் நாவலை முடிக்காதீர்கள்; 1946க்குள் கொண்டுபோங்கள். இறந்தவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. எந்தத் தேதியில் திதி கொடுப்பது என்று அப்பாயிக்குத் தெரியாது; அம்மாவோ கொடுக்கவே விட மாட்டாள். பர்மாவிலிருந்து தங்கை திரும்பி வந்திருக்கிறாள். தோட்டத்தில் அவளுக்கு மறுபடியும் களை எடுக்கும் வேலைதான் கிடைக்கிறது. வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்து, போருக்கு முந்தைய செக் ரோலை, அதாவது ஆள் பதிவேட்டை, எடுத்துப் பெயர் வாசிக்கிறார். இவற்றில் ஏதேனும் ஒன்றில் நிறுத்தலாம். சமாதானமாகும் காட்சி ஒன்றைக் கட்டாயமாகச் செருக வேண்டாம்.

கடைசிப் படி: படிக்கக் கொடுத்தல்

கையெழுத்துப் படியை மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவராக இருக்கட்டும்; அவர் பேச்சையும் வேலையையும் மட்டும் பார்க்கட்டும். இன்னொருவர் அந்தக் காலத்து வரலாற்றைப் படித்தவர். அவரிடம் நான்காம் படியில் சொன்ன குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றாமவர் மலேசியச் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்து, தம் சமூகம் வரும் பக்கங்களை ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்கட்டும். மூவர் சொல்வதும் ஒன்றோடொன்று முரண்பட்டால், பேச்சிலும் வேலையிலும் முதியவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், தேதியில் வரலாற்றாளர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவர் வருத்தப்பட்டுச் சுட்டிய பக்கங்களை மட்டும் முதலிலிருந்து எழுதுங்கள்.